நம்பர் காடுகளும் நாலு வரிப் பதிவேடும்

"சித்தப்பா, டிஸ்க்கைப் பிரிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடாதா?"

எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் இப்படிக் கேட்டது 2019 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொன்முடியில், தேயிலைத் தோட்டத்து லயத்தின் திண்ணையில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வந்து, அதற்குமேல் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். அன்று பிற்பகல் முழுக்க மூடுபனி. மடியில் இருந்த லேப்டாப், என் மகன் நாகர்கோவிலில் பிளஸ் டூ படித்தபோது தமிழ்நாடு அரசு விலையில்லாமல் கொடுத்தது. அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்டதால் தங்கைக்கென்று கொடுத்து அனுப்பியிருந்தான்.

அந்த லேப்டாப்புகளைப் பற்றி ஒரு செய்தி பலருக்கு மறந்துபோயிருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணினிகளில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. மற்றொன்று சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'பாஸ்'. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும். லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் கையில் அப்படி ஒரு தேர்வை வைத்ததை இன்றும் நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். ஆனால் என் மகனும் அவன் கூட்டாளிகளும் அந்த மெனுவில் 'பாஸ்' பக்கம் ஒருநாளும் போனதில்லை. அது என்ன, எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்ல அவர்களுக்கு யாரும் வாய்க்கவில்லை. நானும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கதை வேறு. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் திருவனந்தபுரம். அதே காலத்தில் தொடங்கிய கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் அது 'கைட்' என்ற நிறுவனமானது. இன்று கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைவது ஜிம்ப்பில், வடிவியல் பழகுவது ஜியோஜிப்ராவில், எழுதுவது லிப்ரே ஆபீஸில். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் லினக்ஸில்தான். பள்ளியில் இருக்கிற அதே கைட் லினக்ஸ் வீட்டிலும் வேண்டும் என்பது அண்ணன் மகளின் ஆசை. அண்ணனுக்கோ விண்டோஸ் போகக்கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழைய மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. தோட்டத்து அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் ஆண்டுதோறும் அதில்தான் தயாராகும்.

எனவே பிரித்தே ஆகவேண்டும். பிரித்தால் உள்ளே இருப்பது போய்விடாதா என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் "ஃபார்மேட் அடிச்சுத்தான் போடணும்" என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். அதனால் பார்ட்டிஷன் என்றாலே அழிவு என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது.

திண்ணைக்கு எதிரே தெரிந்த தேயிலைச் சரிவையே அவளுக்குக் காட்டினேன். தோட்டக்காரர்கள் அதைக் காடு என்பார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் நம்பர் உண்டு: மூணாம் நம்பர், ஏழாம் நம்பர். மூணாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் நடுவில் மதில் இல்லை. இந்தச் செடியிலிருந்து அந்தச் செடிவரை இன்ன நம்பர் என்று ஆபீஸ் பதிவேட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குத் துரை ஏழாம் நம்பரைக் குறைத்து எட்டாம் நம்பரை உண்டாக்கினால் ஒரு செடிகூட வேரோடு அசையாது. பதிவேட்டில் இரண்டு வரி மாறும்.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். அது செக்டர் என்னும் சிறு கட்டங்களின் நீண்ட வரிசை. ஒரு கட்டம் 512 பைட். எங்கள் மடியில் இருந்த 320 ஜி.பி. டிஸ்க்கில் 62 கோடியே 51 லட்சத்து 42 ஆயிரத்து 448 கட்டங்கள். பூஜ்யத்திலிருந்து வரிசையாக எண். விண்டோஸ் இதை 298 ஜி.பி. என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.க்கு நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. எதுவும் தொலைந்துபோகவில்லை.

பதிவேடு இருப்பது பூஜ்யமாவது கட்டத்தில். அந்த ஒரே கட்டத்துக்குள் மூன்று சங்கதிகள். முதல் 446 பைட், கணினி விழித்ததும் ஓடவேண்டிய சின்ன நிரல். அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி இரண்டு பைட் முத்திரை. 64 பைட்டில் நான்கே வரிகள், வரிக்கு 16 பைட். ஒவ்வொரு வரியிலும் எங்கே தொடங்குகிறது, எத்தனை கட்டம், எந்த வகை, இதிலிருந்து விழிக்கலாமா என்ற விவரங்கள். வகைக்கு எண் உண்டு: விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். என்றால் 07, லினக்ஸ் என்றால் 83. அவ்வளவு பெரிய டிஸ்க்கின் எல்லைக்கோடுகள் மொத்தமும் 64 பைட்டில் அடங்கிவிடுகின்றன என்றபோது அவள் நம்பவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் அவள் தன் பெயரையும் பள்ளி முகவரியையும் எழுதும் அளவு இடம்.

இந்த ஏற்பாடு 1983இல் வந்தது. ஐ.பி.எம். அந்த ஆண்டு 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கோடு பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. டாஸ் 2.0 அதற்கென வந்தது. அப்போது டாஸ் தவிர சி.பி/எம்.-86, ஜெனிக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களும் புழக்கத்தில் இருந்தன. ஒரு டிஸ்க்கில் அவை பக்கம் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் நான்கு வரி ஒதுக்கினார்கள். பல இயங்குதளம் வைப்பது பின்னாளில் யாரோ கண்டுபிடித்த தந்திரம் அல்ல. பார்ட்டிஷன் பிறந்ததே அதற்காக.

எங்கள் சிக்கல் அந்த நான்கு வரிகளில்தான் வந்தது. பென்டிரைவில் கொண்டுபோயிருந்த, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸில் கணினியைத் திறந்து, ஜிபார்ட்டெட் என்னும் கருவியில் அட்டவணையைப் பார்த்தோம். முதல் வரி விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட 100 எம்.பி. இரண்டாவது சி டிரைவ். மூன்றாவது டி டிரைவ். நான்காவது வரியில் ஒரு பெரிய உறை, அதற்குள் பாஸ் லினக்ஸும், நினைவகம் போதாதபோது அது பயன்படுத்தும் ஸ்வாப் என்னும் இடமும். நான்கும் நிரம்பிவிட்டன.

அந்த உறைக்குப் பெயர் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். 1987இல் டாஸ் 3.3 வந்த காலத்து வழி. நான்கு வரி போதாது என்றான பிறகு, நான்காவதைச் சாக்காக வைத்து உள்ளே எத்தனை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். உள்ளே இருப்பவற்றுக்கு லாஜிக்கல் பார்ட்டிஷன் என்று பெயர். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குட்டிப் பதிவேடு, அது அடுத்ததன் முகவரியைச் சொல்லும். சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தால் அதற்கப்பால் இருப்பவை கண்ணில் படாது. லினக்ஸில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் எப்போதும் 5இல் தொடங்குவதன் காரணமும் இதுதான். முதல் நான்கு எண்கள் அந்த நான்கு வரிகளுக்குச் சொந்தம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான்கு வரியும் நிரம்பிய டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக டி டிரைவைச் சுருக்கி, கிடைத்த காலி இடத்தில் புதிதாக ஒன்று உண்டாக்கப் போனால், இந்த டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றப்போகிறேன், சரியா என்று ஒரு பெட்டி கேட்கும். நாலு வரி ஆங்கிலம். படிக்காமல் 'யெஸ்' அழுத்துகிறவர்களே அதிகம். அழுத்தினால் பழைய நான்கு வரி முறையே போய், விண்டோஸுக்கு மட்டும் விளங்குகிற வேறு பதிவேட்டு முறைக்கு மொத்த டிஸ்க்கும் மாறும். பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் அதன்பிறகு விழிக்காமல் போகலாம், திரும்பி வருவதும் எளிதல்ல. அந்தப் பெட்டி வந்தால் 'நோ' சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்க இடம் இருந்தால் இதை வையுங்கள்.

எங்களுக்கு வழி உறைக்குள் இருந்தது. டி டிரைவின் வலது ஓரத்திலிருந்து 40 ஜி.பி. குறைப்பது. அந்தக் காலி இடம் உறையை ஒட்டியே இருக்கும். உறையின் எல்லையை இடப்பக்கமாக அதுவரை நீட்டுவது. உள்ளே புதிதாக ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷன் போட்டு, கைட் லினக்ஸை அதில் வைப்பது.

இனி அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில். எல்லைக்கோட்டை மாற்றுவதால் எதுவும் போகாது. ஆனால் கோட்டுக்கு உள்ளே கோப்பு முறைமை என்று ஒன்று குடியிருக்கிறது. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற கணக்கு அதனுடையது. டி டிரைவின் கடைசிப் பகுதியில் ஏதாவது கோப்பு இருந்தால் முதலில் அதை உள்ளே நகர்த்த வேண்டும். பிறகு தன் அளவைக் குறைத்துக்கொள்ளும்படி கோப்பு முறைமைக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே பதிவேட்டில் எல்லை மாற வேண்டும். சுருக்கும்போது இந்த வரிசை. பெரிதாக்கும்போது தலைகீழ்: முதலில் எல்லை, பிறகு கோப்பு முறைமை. வேலியைத் தள்ளி நடுவதற்கு முன்னால் அந்த ஓரத்துக் குடிசையைக் காலி செய்வதுபோல. வரிசை தப்பினால்தான் அழிவு. ஜிபார்ட்டெட் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வலது ஓரத்தை இழுப்பது சுளுவு. இடது ஓரத்தை நகர்த்துவது முற்றிலும் வேறு சங்கதி. ஒரு பார்ட்டிஷனின் தொடக்கம் மாறினால் அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் இடம்பெயர வேண்டும். 150 ஜி.பி. என்றால் 150 ஜி.பி.யும் ஒரு இடத்தில் படிக்கப்பட்டு இன்னோர் இடத்தில் எழுதப்படும். மணிக்கணக்காகும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். பதிவேடு இரண்டுக்கும் பொருந்தாது. உறையை நீட்டும்போதும் இடது எல்லைதானே நகரும் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. உறை வெறும் உறை. உள்ளே இருக்கும் பாஸ் லினக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் ஒரு பைட்டும் அசையாது. சில எண்கள் மட்டும் திருத்தி எழுதப்படும்.

மின்சாரத்தைப் பற்றி நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பொன்முடியில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும். அந்த லேப்டாப்பின் பழைய பேட்டரி 40 நிமிடம் தாங்கும். அதனால் உறையைத் தவிர வேறெதன் இடது ஓரத்தையும் நகர்த்தாத திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். டி டிரைவில் இருந்த மகனின் கல்லூரிக் கோப்புகளையும் கோயில் நோட்டீஸ்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் முதலில் நகல் எடுத்தோம். பேட்டரி முழுதாக ஏறும்வரை காத்திருந்தோம். பதிவேட்டையும் நகல் எடுத்தோம், ஒன்று பென்டிரைவில், ஒன்று அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கமும் முடிவும் அவள் கையெழுத்தில். முதலாவது 2048இல் தொடங்குகிறது, இரண்டாவது 206848இல். இரண்டையும் கழித்து, 512ஆல் பெருக்கி, 100 எம்.பி. வருகிறதா என்று அவளே சரிபார்த்தாள். வந்தது. பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 2048 ஏன் என்றும் கேட்டாள். 2048 கட்டம் சரியாக ஒரு எம்.பி. புதிய டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் கட்டங்களாக எழுதுகின்றன. எல்லை அதோடு ஒத்துவராமல் கோணலாக விழுந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டை வேலை. ஒரு எம்.பி. தள்ளித் தொடங்கினால் எந்தக் கணக்குக்கும் பொருந்தும்.

இந்த உயரமும் பனியும் டிஸ்க்கைக் கெடுக்காதா என்று அண்ணன் வாசலிலிருந்து கேட்டார். சுழலும் டிஸ்க்கின் மேலே அதைப் படிக்கும் முனை காற்று மெத்தையில் மிதக்கிறது, இடைவெளி சில நானோமீட்டர்தான். காற்று மெலிந்தால் மிதப்பு குறையும். அதனால் தயாரிப்பாளர்கள் உயர வரம்பு சொல்வார்கள். வழக்கமாக அது 3,000 மீட்டர் அளவில் இருக்கும். பொன்முடிக்குப் பயமில்லை. ஆனால் குளிரில் கிடந்த கணினியைச் சமையலறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த உடனே திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும் என்றேன். மதினி அன்றே அதை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்.

டி டிரைவைச் சுருக்கப் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது, உறையை நீட்ட ஒரு நொடி. அதன்பிறகு கைட் லினக்ஸை நிறுவும்போது மறுபடி ஒரு கவனம். அதன் அன்றைய பதிப்பு உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டது. மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவுவது ஒரு வழி என்று திரையில் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'வேறு வழி' என்று ஒன்று இருக்கும், நமக்கு அதுதான். அதில் போய், புதிதாகப் போட்ட பார்ட்டிஷனைக் கையால் காட்டி, எக்ஸ்ட்4 முறைமை, இதுவே வேர் என்று சொன்னால் மற்றவற்றைத் தொடாது. ஸ்வாப் தனியாகப் போடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு லினக்ஸ்தானே விழித்திருக்கிறது, பாஸின் ஸ்வாப்பையே இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம்.

கணினி விழிக்கும் முறையை இங்கே சொல்லவேண்டும். பொத்தானை அழுத்தியதும் கணினியிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்னும் நிரல் பூஜ்யமாவது கட்டத்தைப் படித்து, அந்த 446 பைட் நிரலை ஓட்டுகிறது. 446 பைட்டில் மெனு எல்லாம் காட்ட முடியாது. லினக்ஸ் போட்டால் அங்கே கிரப் என்னும் தொடக்க நிரலின் ஒரு துண்டு உட்காருகிறது. மீதித் துண்டு 2048க்கு முன்னால் காலியாகக் கிடக்கும் அந்த ஒரு எம்.பி. இடைவெளியில். அது லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறந்து, மெனுவை எடுத்துக் காட்டுகிறது. பிறகு ஒருநாள் விண்டோஸை மறுபடி நிறுவினால், அது அந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதும். மெனு மறைந்துவிடும். "லினக்ஸ் அழிஞ்சுபோச்சு" என்று சொல்லி மொத்தத்தையும் ஃபார்மேட் அடித்தவர்களை எனக்குத் தெரியும். எதுவும் அழிந்திருக்காது. வாசல் பலகையை மாற்றி எழுதியிருக்கிறார்கள், வீடு அங்கேயே இருக்கிறது. லைவ் பென்டிரைவில் திறந்து கிரப்பைத் திரும்ப எழுதினால் மெனு வந்துவிடும். அட்டவணையே சிதைந்தாலும்கூட, டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவி டிஸ்க் முழுக்கத் தேடி, கோப்பு முறைமைகளின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, வரிகளை மறுபடி எழுதித் தரும். அதற்குமுன் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதிவிடக் கூடாது.

இப்போது கடையில் வாங்கும் கணினியில் இந்தப் பழைய பதிவேடு இருக்காது. நான்கு வரிகளில் கட்ட எண்ணை எழுத 32 பிட்தான் இடம் கொடுத்திருந்தார்கள். 512 பைட் கட்டமென்றால் சுமார் 2.2 டி.பி.க்குமேல் எண்ண முடியாது. அதன் இடத்துக்கு ஜி.பி.டி. வந்தது. அதில் வழக்கமாக 128 வரி, எண்ணுக்கு 64 பிட். பதிவேட்டின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் பத்திரமாக இருக்கும். உறையும் சங்கிலியும் தேவையில்லை. விழிக்கும் முறையும் மாறிவிட்டது. இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்று சிறியதாக ஒன்று, ஃபேட்32 முறைமையில். அதற்குள் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். ஒருவர் பலகையை மற்றவர் அழிக்கவேண்டியதில்லை. அதை மட்டும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

புதிய கணினியில் வேறு இரண்டு கவனங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. அணைத்தாலும் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுதினால், விண்டோஸ் விழித்ததும் தன் நினைவில் உள்ளதும் டிஸ்க்கில் உள்ளதும் ஒத்துவராமல் கோப்புகள் கெடும். அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். அடுத்தது பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், தொடக்க அமைப்பில் கை வைத்தபிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்ளாமல் தொடங்கவே கூடாது.

அன்று இரவு மெனுவில் மூன்று பெயர்கள் வந்தன. கைட், விண்டோஸ், பாஸ். அவள் கைட்டைத் திறந்து, அப்பா போனிலிருந்து நெட் எடுத்து, ஜிம்ப்பில் தேயிலைக் கொழுந்து ஒன்று வரைந்துவிட்டுத்தான் தூங்கினாள். வரைந்ததை டி டிரைவில் வைக்கச் சொன்னேன். லினக்ஸுக்கு என்.டி.எஃப்.எஸ். படிக்கவும் எழுதவும் தெரியும், அப்பாவுக்கு விண்டோஸில் இருந்தும் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குமேல், கொடை நோட்டீஸில் ஒரு வரி திருத்த அண்ணன் விண்டோஸைத் திறந்தார். "தம்பி, நீ என்னமோ பண்ணிட்ட. மணி பாரு" என்றார். சுவர்க் கடிகாரத்தில் 7:10. திரையில் நள்ளிரவு தாண்டி 1:40.

எனக்குக் காரணம் தெரியும். சொல்லாமல் அவளிடம் கேட்டேன். அவள் இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்தாள்.

"அஞ்சரை மணி நேரம் குறைவு."

"எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா மக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சோஷியல்ல இருக்கு. 82½ டிகிரி. கிரீன்விச்ல இருந்து நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னால. அப்ப இது கிரீன்விச் நேரத்தைக் காட்டுதா?"

அதேதான். கணினியின் உள்ளே சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதே கடிகாரத்தைப் பார்த்து, இது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் தத்தம் கணக்கில் சரி. ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொண்டதால் வந்த வேறுபாடு. உள்ளூர் நேரத்தையே அதில் வைக்கும்படி லினக்ஸிடம் ஒரே வரிக் கட்டளையில் சொல்லலாம். அவளே கைட்டைத் திறந்து அதைத் தட்டச்சு செய்தாள். மறுபடி விண்டோஸில் போய்ப் பார்த்தபோது 7:32. அண்ணன் நோட்டீஸைத் திருத்த உட்கார்ந்தார்.